வேளாண் கண்காட்சிக்குச் சிறு பிள்ளைகளுடன்: புதுச்சேரி போய்வர ஒரு முழுமையான வழிகாட்டி

மகளை முதன்முதலில் வேளாண் கண்காட்சிக்கு அழைத்துப் போனபோது அவளுக்கு நான்கு வயது. புதுச்சேரி தாவரவியல் பூங்காவில் இரண்டரை மணி நேரம் சுற்றினோம். பூசணியில் செதுக்கிய யானை, தட்டுக்குள் அடங்கிய ஆலமரம், அவளைவிட நீளமான புடலங்காய் என்று வாய் ஓயாமல் காட்டிக்கொண்டே வந்தேன். கடலூருக்குத் திரும்பும் பஸ்ஸில், "என்னம்மா பார்த்தாய்?" என்று கேட்டேன்.

"கால்" என்றாள்.

"யாருடைய கால்?"

"எல்லாருடைய காலும்."

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசை அருகில் அவளை நிறுத்திப் பார்த்தபிறகுதான் உறைத்தது. என் இடுப்பளவு இருக்கும் மேசை அவளுக்கு மூக்களவு. அரங்குகளில் மேசையைச் சுற்றிப் பச்சைத் துணி வேறு தொங்கவிட்டிருப்பார்கள். நான் யானையைப் பார்த்த நேரமெல்லாம் அவள் அந்தத் துணியையும் வேட்டிகளையும் புடவைகளையும்தான் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து கண்காட்சியை அவள் உயரத்திலிருந்து திட்டமிடுகிறேன். இப்போது அவளுக்கு எட்டு வயது, தம்பிக்கு நான்கு. ஆண்டுக்கு ஆண்டு சரிசெய்து வந்த முறை இது.

1. நாளும் நேரமும்

புதுச்சேரி வேளாண் துறையின் மலர், காய், கனிக் கண்காட்சி பெரும்பாலும் பிப்ரவரியில், பொங்கல் களைப்பு தீர்ந்த பிறகு வரும். வழக்கமாக மூன்று நாள். தாவரவியல் பூங்காதான் அதற்குப் பழகிய இடம். கடலூர் சாலையில் உள்ள ஏ.எஃப்.டி. திடலிலும் நடந்ததுண்டு. தேதியும் இடமும் நாளிதழில் வரும். அதற்கு முன்பே தெரிய வேண்டுமென்றால் பக்கத்து ஊர் உழவர் உதவியகத்தில் ஒரு வார்த்தை கேட்டு வைக்கலாம்.

முதல் நாள் வேண்டாம். திறப்பு விழா, மேடை, பேச்சு, கெடுபிடி என்று பாதிப் பொழுது போய்விடும்; சில அரங்குகளில் அப்போதுதான் ஆணி அடித்துக்கொண்டிருப்பார்கள். கடைசி நாள் மாலையும் வேண்டாம். ஊரே அங்கே இருக்கும், பூக்கள் தலை தொங்கியிருக்கும். இரண்டாம் நாள் காலை, கதவு திறந்ததும் உள்ளே இருப்பது உத்தமம். பூவும் வாடியிருக்காது, பிள்ளையும் வாடியிருக்காது.

நான்கு வயதுப் பிள்ளைக்கு இரண்டு மணி நேரம், எட்டு வயதுக்கு மூன்று. அதற்கு மேல் பார்ப்பதெல்லாம் நமக்காகத்தான். அழுகை தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே வந்துவிட வேண்டும் என்பது என் கணக்கு; அந்த அரை மணியைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

2. ஒரே ஒரு கேள்வி

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பிள்ளைக்கு ஒரு கேள்வியைக் கற்றுக்கொடுத்து அழைத்துப் போங்கள். "இது எத்தனை நாள் பயிர்?"

இது என் கண்டுபிடிப்பு அல்ல. என் அம்மா, அதாவது பிள்ளைகளின் ஆயா, பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். எந்தச் செடியைக் கண்டாலும் அவர் வாயில் முதலில் வருவது இதுதான். விலை, பெயர், ரகம் எல்லாம் பிறகு. பெரியவர்கள் கேட்டால் துண்டறிக்கையை நீட்டுகிற அரங்குக்காரர், சின்னப் பையன் ஒருவன் அண்ணாந்து பார்த்து இதைக் கேட்டால் மேசையைச் சுற்றி வெளியே வந்து குனிந்து பதில் சொல்கிறார். செடியும் அவர் கையோடு கீழே இறங்கி வருகிறது. மேசையின் உயரம் அத்தோடு தீர்ந்தது.

பதிலையும் பிள்ளையால் பிடித்துக்கொள்ள முடிகிறது. முளைக்கீரை 25 நாள். பூங்கார் நெல் ஏறக்குறைய 90 நாள். நிலக்கடலை 100 முதல் 110 நாள். காட்டுயானம் என்ற நெல் 180 நாள், அதாவது அரை வருடம். கரும்பு 10 முதல் 12 மாதம். "அப்படியானால் என் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் கரும்பு" என்று மகள் தானே கணக்குப் போட்டாள்.

முந்தின வாரம் கடலூர் உழவர் சந்தைக்கு ஒரு நடை போய் ஒத்திகை பார்த்துக்கொண்டால் கூச்சம் விடும். அங்கே எடைபோடும் அவசரத்திலும் யாராவது ஒருவர் பதில் சொல்லிவிடுவார்.

3. பை

தண்ணீர் தலைக்கு ஒரு புட்டி. எள்ளுப்பொடி தடவிய இட்லி. வெயிலில் தயிர்சாதத்தைவிட இது தாங்கும். ஒரு மாற்றுடை, துண்டு, தொப்பி, சின்ன சோப்புத் துண்டு, வெற்றுத் துணிப்பைகள் இரண்டு. பின்பட்டி உள்ள செருப்பு, ஏனென்றால் சாதாரணச் செருப்பு ஈர மண்ணில் ஒன்றை விட்டு ஒன்று கழன்றுகொண்டே இருக்கும். தள்ளுவண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வாய்க்கால் மேடும் மின்கம்பிக்குப் போட்ட பலகையுமாக இருக்கும் இடத்தில் அது நமக்குத்தான் சுமை.

4. போகும் வழியே பாதிக் கண்காட்சி

கடலூரின் ஒரு பகுதியான திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பஸ் ஏறுகிறோம். ஊரின் பெயரிலேயே ஒரு மரம் இருக்கிறது: பாடலீசுவரர் கோயிலின் தலமரமான பாதிரி. பிள்ளைகளிடம் அன்றைய பேச்சை அங்கிருந்தே தொடங்குவேன். முள்ளோடையைத் தாண்டியதும் புதுச்சேரி எல்லை. கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஊர்கள் வரும். மேற்கே உள்ளே தள்ளி இருப்பது பாகூர். பாகூர் ஏரிதான் புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி, அதை நம்பி நெல் விளைகிறது. சாலையோரத்தில் எங்காவது வயல் தெரியும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பவர் கேள்வியைக் கேட்க வேண்டும், ஆயா பதில் சொல்ல வேண்டும். வீடுகள் பெருகி வயல்கள் குறைந்துகொண்டே வருவதால் விளையாட்டு முன்பு போல நீள்வதில்லை.

பூங்கா, பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான். ஆட்டோவுக்கு நின்று பேரம் பேசும் நேரத்தில் வாசலை எட்டிவிடலாம். வண்டியில் வருபவர்கள் வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டு நிறுத்துமிடம் தேடப் போக வேண்டாம். எல்லாரும் சேர்ந்தே நடந்து வாருங்கள்.

5. வாசலில் ஐந்து நிமிடம்

உள்ளே நுழையும் முன் இரண்டு பிள்ளைகளையும் நிற்கவைத்து ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழகுக்கு அல்ல. கூட்டத்தில் ஒருவன் நழுவிவிட்டால், "என்ன நிறச் சட்டை?" என்று காவலர் கேட்கும்போது பெற்ற தாய்க்கும் மறந்துவிடும். முன்கையில் பந்துமுனைப் பேனாவால் நம் செல்பேசி எண்ணை எழுதுங்கள். கையைத் தேய்த்துக் கழுவினால் மங்கும் என்பதால் உள்ளங்கையில் எழுதக் கூடாது. தொலைந்தால் ஓடித் தேடாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், காவலரிடமோ, குழந்தையோடு இருக்கும் ஓர் அம்மாவிடமோ சொல்ல வேண்டும். இதை முந்தின நாளே ஒரு விளையாட்டாகப் பழக்கிவிடலாம். அறிவிப்பு செய்யும் இடம் எது என்று நாமும் பார்த்து வைக்க வேண்டும். அவசர உதவிக்கு 112, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098.

6. எதை முதலில் பார்ப்பது

கூட்டம் முழுதும் வாசலை ஒட்டிய மலர் அலங்காரத்தில் மொய்க்கும். அதைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம், பூ ஓடிப்போகாது. பிள்ளையின் தெம்பு முழுதாக இருக்கும் முதல் முக்கால் மணி நேரம், கையால் தொடக்கூடிய அரங்குகளுக்கு என்று ஒதுக்குங்கள். அவை பெரும்பாலும் பின்பக்கம்தான் இருக்கும்.

மண்புழு உரத் தொட்டி இருந்தால் அங்கே முதலில். கையை நனைத்துக்கொண்டு ஒரு புழுவை உள்ளங்கையில் வாங்கலாம். அது தோலால் மூச்சு விடுகிறது, தோல் காய்ந்தால் செத்துப்போகும் என்று சொன்னால் பிள்ளைகளே அவசரமாகத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். அசோலா தொட்டியில், பாசி போலத் தண்ணீரில் மிதக்கும் அந்தச் சின்னப் பெரணிச் செடியை அள்ளிப் பார்க்கலாம். தண்ணீர் ஆழமில்லை என்றாலும் தொட்டிக்கும் பிள்ளைக்கும் நடுவில் நம் கை ஒன்று இருக்கட்டும்.

சொட்டுநீர்ப் பாசன அரங்கில் பெரியவர்கள் மானியம் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அங்கே நல்ல விளையாட்டு இருக்கிறது. மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான் என்றால் கால் லிட்டர் குவளை நிரம்ப நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அரங்குக்காரரிடம் கேட்டுக்கொண்டு குவளையை வைத்துவிட்டு உட்கார்ந்தோம். ஒரு நிமிடம் தொடர்ந்து ஓரிடத்தில் உட்காராத என் மகன் அந்த நான்கு நிமிடமும் அசையவில்லை. நானும்தான்.

7. ஒரு செடியையாவது முழுதாகப் பாருங்கள்

ஐம்பது அரங்குகளை மேய்வதைவிட ஒரு செடியின் முன்னால் பத்து நிமிடம் உட்காருவது மேல். என் தேர்வு நிலக்கடலை. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ. ரகங்களை எங்கள் மாவட்டத்தில் விதைக்காத ஊர் குறைவு. வேரோடு பிடுங்கிய செடி ஏதாவது ஓர் அரங்கில் கட்டாயம் கிடக்கும்.

போன முறை ஆயா அப்படி ஒரு செடியைக் கேட்டு வாங்கித் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்துவிட்டார். மஞ்சள் பூ ஒன்று காய்ந்து இலைக்கக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியிலிருந்து ஊசி போல ஒரு விழுது புறப்பட்டு, வளைந்து, கீழ்நோக்கி நீண்டிருந்தது. முனை ஊதா. இன்னொரு விழுது மண்ணைத் தொட்டு நுனி பருத்திருந்தது. மூன்றாவதில் சுண்டுவிரல் நகமளவுக்குப் பிஞ்சு, வெள்ளையாக, ஓட்டில் வரி விழாமல். கடைசியில் முற்றிய காய். பூ மேலே, காய் கீழே. நடுவே உள்ள பயணம் முழுதும் ஒரே செடியில் இருந்தது. "பூ ஏன் மண்ணுக்குள் போகிறது?" என்று மகன் கேட்டான். "பூ போகவில்லை, பிள்ளையை மட்டும் அனுப்புகிறது" என்றார் ஆயா. தாவரவியல் படித்தவர்களும் ஏறக்குறைய இதைத்தான் சொல்வார்கள்.

முந்திரியும் இப்படிப்பட்டதுதான். பிப்ரவரி பூவும் பிஞ்சுமான காலம். கிளை வைத்திருந்தால், பழம் என்று நாம் சொல்வது காம்பின் வீக்கம், வெளியே தொங்கும் கொட்டைதான் உண்மையான கனி என்று காட்டலாம். ஆனால் பச்சைக் கொட்டையைத் தொட விடாதீர்கள். ஓட்டில் உள்ள எண்ணெய் பட்டால் தோல் பொத்துப்போகும். முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

நெல் அரங்கில் கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, சீரகச் சம்பா எல்லாம் கிண்ணங்களில் இருக்கும். பெயர்ப் பலகையை வாசித்துக் காட்டுவதில் பயனில்லை. கண்ணை மூடச் சொல்லி இரண்டு ரகத்தை இரண்டு கையிலும் வைத்தால் எது பருமன், எது மெலிவு என்று விரல் சொல்லிவிடும்.

8. எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இரண்டு மேசைகள்

ஒன்று விதை மேசை. மக்காச்சோளம், பருத்தி போன்ற விதைகளைப் பூச்சி மருந்திலும் பூசணக்கொல்லியிலும் நேர்த்தி செய்து, ரோஜா, சிவப்பு, நீலம் என்று சாயம் ஏற்றி வைத்திருப்பார்கள். சாயம் ஏற்றுவதே தின்னக்கூடாது என்று காட்டத்தான். நான்கு வயதுக் கண்ணுக்கோ அது சுத்தமான மிட்டாய். அகலக் கண்ணாடிக் கிண்ணத்தில், அதுவும் மேசை விளிம்பில் இருந்த ரோஜா நிற மக்காச்சோளத்தை என் மகன் இரண்டு விரலால் எடுத்து வாயருகே கொண்டுபோனதை நான் பார்த்தது நல்லகாலம். மூக்களவு மேசையில் இவனுக்கு எட்டிய பொருள் அது ஒன்றுதான்.

இன்னொன்று பூச்சிமருந்து மேசை. காலிப் புட்டியானாலும் தொட விடக் கூடாது. வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அங்கே ஒரு பாடம் உண்டு. சிட்டையில் சாய்சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பென்றால் கடும் நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை என்றால் குடிக்கலாம் என்று பொருளில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மகள் அப்படித்தான் கேட்டாள்.

9. டிராக்டர், டிரோன், மாடு

டிராக்டரில் ஏறாமல் எந்தப் பையனும் வீடு திரும்ப மாட்டான். அரங்குக்காரரின் அனுமதி, சாவி அவர் கையில், இறங்கும்போது நம் கை அவன் கக்கத்தில். பின்னால் மாட்டியிருக்கும், மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரின் கத்திகள் சரியாகப் பிள்ளையின் முழங்கால் உயரத்தில் இருக்கும், அந்தப் பக்கமே போக வேண்டாம். கோனோவீடர் என்ற தள்ளு களையெடுப்பானைக் கொஞ்ச தூரம் தள்ளிப் பார்க்கலாம். எட்டு வயதுக்கு அது டிராக்டரைவிட மகிழ்ச்சி தரும், தானே ஓட்டுவதால். மருந்து தெளிக்கும் டிரோன் பறந்தால் கயிற்றுக்கு வெளியே, காற்று நம் பக்கமிருந்து டிரோனை நோக்கி வீசும்படி நில்லுங்கள். இல்லாவிட்டால் மருந்தும் மண்ணும் கண்ணில் அடிக்கும்.

மாடு, ஆடு, கோழி இருந்தால் தொடட்டும். முகத்துக்கு நேரே போகாமல் கழுத்துப் பக்கம் தடவ வேண்டும் என்று மாட்டுக்காரரே சொல்லித்தருவார். வெளியே வந்ததும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 20 நொடி கை கழுவ வேண்டும். கைச் சுத்திகரிப்பான் ஜெல் சாணத்துக்கு ஈடாகாது. நலமான மாட்டின் சாணத்திலும் ஈ. கோலை கிருமியின் கடுமையான வகைகள் இருக்கலாம், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களை அது அதிகம் வாட்டும். பஞ்சு மிட்டாயோடு மாட்டுக் கொட்டிலுக்குள் போவதை மட்டும் நான் எந்தக் கெஞ்சலுக்கும் அனுமதிப்பதில்லை.

10. சாப்பாடும் நிழலும்

பூங்காவில் நடந்தால் நிழலுக்குக் குறைவில்லை. 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த தோட்டம் அது. பெரிய மரம் ஒன்றின் அடியில் இட்லியைப் பிரித்துக்கொள்ளலாம். 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலில் இங்கே விழுந்த மரங்களைப் பற்றி ஆயா ஆண்டுதோறும் பேசுவார். அதே புயலில் அவர் அண்ணன் தோப்பில் இருந்த பலாவும் முந்திரியும் சாய்ந்தன. பலா எத்தனை நாள் பயிர் என்ற கேள்விக்கு அவர் விரல் மடக்குவதில்லை, "என் அப்பா நட்டது" என்பார். மகளுக்கு அந்தப் பதில் முதலில் புரியவில்லை.

திடலில் நடந்தால் நிழல் பந்தல் மட்டும்தான்; பதினொன்றரைக்கு மேல் அங்கே இருக்காதீர்கள். கம்பங்கூழ் கடை இருந்தால் நன்றாகத்தான் இருக்கும், கலக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வாங்குங்கள்.

11. வாங்குவது

பிள்ளைக்கு ஆளுக்கு 50 ரூபாய் கையில் கொடுத்து, முளைக்கக்கூடியது ஒன்றுதான் வாங்கலாம் என்று சொல்லிவிடுங்கள். பூத்துக் குலுங்கும் ரோஜாத் தொட்டியைத்தான் கேட்பார்கள். கடைக்காரர் வளர்த்த பூ அது. வீட்டுக்கு வந்து பத்து நாளில் உதிர்ந்தால் பிள்ளைக்குக் கிடைப்பது ஏமாற்றம் மட்டுமே. கீரை விதை, வெந்தயம், வெண்டை போன்றவை உடனே முகம் காட்டும். சீட்டில் காலாவதித் தேதி, முளைப்புத் திறன் இரண்டையும் பாருங்கள். பெரிய அளவில் வாங்கும் உழவர் வீடென்றால் நீல அட்டை, தரம் பார்த்துச் சான்று கொடுத்த சான்று விதைக்கு; வெள்ளை அட்டை, அந்தச் சான்று விதையைப் பெருக்க உதவும் ஆதார விதைக்கு.

ஒட்டுக்கன்று வாங்கினால் ஒட்டுக் கட்டிய இடம் நன்றாகச் சேர்ந்திருக்கிறதா, அதற்குக் கீழே தளிர் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். கீழே விட்ட தளிர் வேர்ச்செடியுடையது, கிள்ளிவிட வேண்டும். கன்றை எல்லாவற்றுக்கும் கடைசியில், வெளியே வரும் வழியில் வாங்குங்கள். மாங்கன்றையும் தூங்கும் பிள்ளையையும் ஒரே தோளில் சுமந்த அனுபவம் எனக்கு உண்டு. பூங்காவின் சிறுவர் ரயில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளிடம் ரயில் பேச்சையே எடுக்க வேண்டும்.

12. மறுநாளிலிருந்து

ஓர் அகலமான தட்டு, அடியில் ஓட்டை, பாதி மண் பாதி மக்கிய உரம். முளைக்கீரை விதையை மணலோடு கலந்து பிள்ளை தூவட்டும், மேலே மெல்லிய மண், பூவாளியில் தண்ணீர். நாட்காட்டியில் விதைத்த நாளைச் சுற்றி வட்டம். மூன்றாம் நான்காம் நாளில் சிவப்புத் தண்டோடு பொடிப்பொடியாக எழும். தண்ணீரை வேகமாக ஊற்றினால் எல்லாம் சாய்ந்துவிடும். என் மகன் முதல் தட்டை அப்படித்தான் மூழ்கடித்தான், இரண்டாவது தட்டுக்குத் தெளிப்புப் புட்டி கொடுத்தோம். நெருக்கமாக வந்தால் பத்தாம் நாள் கலைத்துவிடுங்கள். கலைத்த நாற்றும் பருப்பில் வேகும்.

கண்காட்சி போய்வந்த வாரத்தில் என் தங்கை வீட்டுக்கு வந்திருந்தாள், ஏழாவது மாதம். மகன் அவள் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்து, "சித்தி, இது எத்தனை நாள் பயிர்?" என்றான். ஆயா சிரிக்காமல், "280" என்றார். அவன் போய் நாட்காட்டியில் இன்னொரு வட்டம் போட்டுவிட்டு வந்தான், எந்த நாளில் என்று யாரையும் கேட்காமல்.

25ஆம் நாள் கீரையை வேரோடு பிடுங்காமல் நான்கு விரல் விட்டுக் கிள்ளுங்கள். மீண்டும் துளிர்க்கும்.